இரண்டு கோடு போட்ட வெள்ளைப் பொடி

ரசாயனத்தை நான் படித்தது பொட்டலம் மடிக்கும் காகிதத்தில். மட்டாஞ்சேரியில் கொச்சங்காடிப் பக்கம் ஒரு கிட்டங்கியில் வேலை பார்த்தேன். பழைய புத்தகங்களை எடைக்கு வாங்கி வந்து தாள் தாளாகக் கிழித்து வைத்திருப்போம். படிகாரம், சோடா உப்பு, சாயப்பொடி என்று சில்லறையாகக் கேட்டு வருகிறவர்களுக்கு அதில்தான் மடித்துக் கொடுப்பது. ஒருமுறை வந்த கட்டில் ஒரு பள்ளிக்கூட ரசாயனப் புத்தகம் இருந்தது. இங்கிலீஷ். என் படிப்பு எட்டாம் வகுப்பில் பாதியோடு நின்றது என்றாலும் எழுத்துக் கூட்டி வாசிப்பேன். ஒரு தாளை வாசித்து முடித்த பிறகே அதைப் பொட்டலத்துக்கு எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். கூட்டம் இருக்கும் நாளில் அது நடக்காது. அதனால் நான் கற்ற ரசாயனத்தில் நடுநடுவே பக்கங்கள் கிடையாது. அமிலங்களைப் பற்றிய பகுதி முழுவதும் யாரோ ஒருவருடைய படிகாரத்தோடு போய்விட்டது.

அதற்கு முன்பு தூத்துக்குடியில் உப்பளத்தில் இருந்தேன். பிறகு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கடை, அதற்குப் பிறகு கொல்லத்தில் முந்திரி ஆலை. எங்கேயும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை. கொச்சிக்கு வந்து இறங்கியபோது என்னிடம் ஒரு துணிப்பையும், உப்புத் தண்ணீரில் வந்து ஆறாமல் நின்ற ஒரு கால் புண்ணும் இருந்தன. கிட்டங்கிக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த தர்ம டிஸ்பென்சரியில் ஒரு கம்பவுண்டர் அம்மா அந்தப் புண்ணைக் கறுப்பான ஒரு மருந்துத் தண்ணீரால் நனைத்துக் கட்டுவார். நாற்பது வயது இருக்கும். எல்லாரும் அவரைச் சேச்சி, அதாவது அக்கா, என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். புண் ஆறியது. கிட்டங்கியின் மச்சில் படுத்துக்கொள்ள இடமும் கிடைத்தது. வேறு என்ன வேண்டும் என்று அந்த ஊரில் கொஞ்சம் கூடுதலாகவே தங்கிவிட்டேன்.

புத்தகத்தில் எனக்குப் பிடித்துப்போனது பெயர் வைக்கிற பகுதி. சோடியம் போன்ற உலோகங்கள் எந்தக் கூட்டுப்பொருளில் சேர்ந்தாலும் ஒரே அளவு மின்னூட்டத்தோடுதான் சேரும். அவற்றின் உப்புகளுக்குப் பெயர் வைப்பதில் சிக்கல் இல்லை. இரும்பு, செம்பு, பாதரசம் மாதிரிச் சில உலோகங்கள் ஓரிடத்தில் ஒரு மாதிரியும் இன்னோரிடத்தில் வேறு மாதிரியும் சேரும். இரும்பு இரண்டாகவும் வரும், மூன்றாகவும் வரும். செம்பும் பாதரசமும் ஒன்றாகவும் வரும், இரண்டாகவும் வரும். குறைந்ததைச் சொல்லப் பெயரின் கடைசியில் ‘அஸ்’ என்று சேர்த்தார்கள், கூடியதைச் சொல்ல ‘இக்’ என்று சேர்த்தார்கள். ஃபெரஸ், ஃபெரிக். குப்ரஸ், குப்ரிக்.

எங்கள் கிட்டங்கியில் இது வெறும் பாடம் இல்லை. குப்ரஸ் ஆக்ஸைடு செங்கல் நிறம், படகின் அடிப்பகுதிக்குப் பூசும் சாயத்துக்கு வாங்கிப் போவார்கள். குப்ரிக் ஆக்ஸைடு கறுப்பு. ஃபெரஸ் சல்பேட் என்பது நம் அன்னபேதிதான், பச்சை. இவற்றில் மாற்றிக் கொடுத்தால் நிறமே காட்டிக் கொடுத்துவிடும். பாதரசத்தில் அந்த வசதி இல்லை. மெர்குரஸ் குளோரைடும் வெள்ளை, மெர்குரிக் குளோரைடும் வெள்ளை. ஒரு பங்கு குளோரின் சேர்ந்த மெர்குரஸ்ஸுக்குக் கடையில் கலோமல் என்று பெயர், நாட்டு மருந்துக்காரர்கள் பூரம் என்பார்கள். அந்தக் காலத்தில் பேதிக்குச் சாப்பிட்டார்கள். இப்போது யாரும் சாப்பிடுவதில்லை, சாப்பிடவும் கூடாது. இரண்டு பங்கு குளோரின் சேர்ந்த மெர்குரிக், அவர்கள் வீரம் என்று சொல்வது, ஆளைக் கொல்லும் விஷம். தாய் ஒன்றுதான். பூரம், வீரம் என்ற பெயர்களில் அந்த உறவே தெரியாது. இங்கிலீஷ் பெயர்களிலோ உறவு தெரிகிற அளவுக்கு வித்தியாசம் தெரியாது.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் வந்த சரக்கில் பெயர்கள் வேறு மாதிரி இருந்தன. ‘அஸ்’ஸும் இல்லை, ‘இக்’கும் இல்லை. உலோகத்தின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு, கடிகாரத்தில் போடுகிற ரோமன் எண். என் தாள்களில் ஒன்றில் அதற்கும் விளக்கம் இருந்தது. அந்த எண்தான் உலோகத்தின் மின்னூட்டம். யோசித்துப் பார்த்தால் அதுதான் நேர்மையான பெயர். குறைவா கூடுதலா என்பதை மட்டும் சொல்லிவிட்டு எத்தனை என்பதை ‘அஸ்’ மறைத்துவிடும். ஃபெரஸ் என்றால் இரண்டு, ஆனால் மெர்குரஸ் என்றால் ஒன்று. எண்ணைப் போட்டுவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை. ஒன்று என்றால் ஒரு கோடு, இரண்டு என்றால் இரண்டு கோடு.

மட்டாஞ்சேரி மழையில் எந்தச் சீட்டும் டின்னில் ஒட்டி நிற்காது. பசை இளகி, பூஞ்சை பிடித்து, ஒரு வாரத்தில் தரையில் கிடக்கும். அதனால் புதுச் சரக்கின் மூடிகளில் நானே கறுப்பு மையில் குச்சியைத் தோய்த்து அந்தக் கோடுகளைப் போட்டு வைத்தேன். கலோமல் டின்னுக்கு ஒரு கோடு. வீரம் இருந்த விஷ டின்னுக்கு இரண்டு கோடு போட்டு அலமாரியில் வைத்தேன். முதலாளி அதைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். இதைப் பற்றி முற்றத்தில் யாரிடமும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

முற்றம் என்பது கிட்டங்கியின் பின்கட்டு. அதே முதலாளிக்கு அங்கே மிளகும் சுக்கும் காய்ந்தன. அவற்றைச் சலிப்பதற்கு ஓர் ஆள் இருந்தார். நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். மூன்று தலைமுறைக்கு முன்னால் கொச்சிக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் முட்டைகூடத் தொடமாட்டார்கள். அவர் பேசுவது தமிழா மலையாளமா என்று எனக்கு முதலில் சந்தேகம் வந்ததுண்டு. ஆனால் என்னை மட்டும், மலையாளிகள் தமிழனைக் கேலியாகச் சொல்வது போல, பாண்டி என்றுதான் கூப்பிடுவார். நீங்களும் பாண்டிதானே என்று கேட்டால், “நாங்க வந்தவங்க, நீ ஓடி வந்தவன்” என்பார்.

முற்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருமுறை சலித்த மிளகுச் சாக்கில் ஒரு கோடு, இரண்டு முறை சலித்ததில் இரண்டு கோடு. இரண்டு கோடு என்றால் கல், காம்பு, தூசி இல்லாத முதல் தரம். வாங்க வருகிறவர்கள் சாக்கைப் பிரிக்காமலே கோட்டைப் பார்த்து விலை பேசுவார்கள். அண்ணாச்சி கோடு போட்டால் அதற்கு மேல் பேச்சில்லை.

கர்க்கடக மாதம், நம் ஆடி, பிறந்தால் பேதிக்குச் சாப்பிட்டு வயிற்றைக் கழுவிக்கொள்வது அங்கே பல வீடுகளில் நடக்கிற காரியம். வரும் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தானும் சாப்பிடப் போவதாகவும், கலோமல் கொஞ்சம் வேண்டும் என்றும் அண்ணாச்சி வெள்ளிக்கிழமை என்னிடம் சொன்னார். நிறுத்துத் தருகிறேன் என்றேன். மறுநாள் முதலாளி என்னைச் சலவைத் தூள் மூட்டைகளோடு இடப்பள்ளிக்கு அனுப்பிவிட்டார். அங்கே மழையில் மாட்டி, எர்ணாகுளம் படகுத்துறைக்கு வருவதற்குள் கடைசிப் படகு போய்விட்டது. துறையிலேயே படுத்து, ஞாயிறு காலை முதல் படகில் வந்தேன்.

கிட்டங்கியைத் திறந்ததும் மேசைதான் கண்ணில் பட்டது. சீட்டு இல்லாத ஒரு டின். பக்கத்தில் தராசு, அதன் தட்டில் நாங்கள் எடைக்கு வைக்கும் குன்றிமணி. பொட்டலத்துக்குக் கிழித்த தாளின் மிச்சம். டின்னைத் திறந்தேன், வெள்ளைப் பொடி. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். கறுப்பு மையில் இரண்டு கோடு.

மூடியை அப்படியே மேசையில் வைத்தேன். என்ன நடந்திருக்கும் என்பது படம் போலத் தெரிந்தது. முதலாளி ஏதோ தேவைக்கு அலமாரியைத் திறந்து டின்னை வெளியே வைத்திருக்கிறார். அண்ணாச்சி வந்திருக்கிறார். ஒரு கோடு போட்டதும் இரண்டு கோடு போட்டதும் இருந்தால் அவர் எதை எடுப்பார்? இரண்டு முறை சலித்ததைத்தான் எடுப்பார். மின்னூட்டம் என்று நான் போட்டதை அவர் சுத்தம் என்று படித்திருக்கிறார். அலமாரியைத் திறந்து பார்க்கலாம் என்றால் அது பூட்டியிருந்தது. சாவி முதலாளியின் இடுப்பில் இருந்தது, அவர் ஆலப்புழைக்குப் போயிருந்தார்.

மழையில் ஓடினேன். அவர் வீடு அடுத்த சந்தில். வாசலில் மதினி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, அரிசி களைந்துகொண்டிருந்தார். அண்ணாச்சி எங்கே என்றேன். பின்பக்கம் கை காட்டினார். விடியற்காலையில் இருந்து அங்கேதான் என்று சிரித்தார். நான் கொல்லைக்குப் போய்க் கக்கூஸ் தகரக் கதவின் முன்னால் நின்றேன்.

“அண்ணாச்சி, எந்த டின்னுல எடுத்தீங்க?”

“நீ வந்துட்டியா பாண்டி? நிம்மதியா இருக்க விடமாட்டியே.”

“எந்த டின்னு, சொல்லுங்க.”

“மேசைமேல இருந்ததுதான். ரெண்டு கோடு போட்டது. நல்லதாப் பாத்துத்தான் எடுத்தேன்.”

அவர் உள்ளே முனகினார். பேதி மருந்து வேலை செய்தாலும் முனகல் வரும், விஷம் வேலை செய்தாலும் வரும். வெளியே நிற்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. மதினியிடம் போய், மருந்து மாறியிருக்கலாம், சேச்சியைக் கூட்டி வருகிறேன், மிச்சப் பொடி இருந்தால் யாரும் தொடாதீர்கள் என்றேன். அவர் சிரிப்பு நின்றது. மிச்சம் இருக்கிறது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கென்று பாதியை எடுத்து வைத்திருக்கிறார் என்றார். குரல் மாறவில்லை. களைந்த அரிசி கையிலிருந்து பாத்திரத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது.

டிஸ்பென்சரியின் பின்னால்தான் சேச்சிக்குக் குடியிருப்பு. அப்போதுதான் சர்ச்சில் பூசை முடிந்து வந்திருந்தார். குடையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் சொன்னதை முழுவதும் கேட்டார். எப்போது சாப்பிட்டார், எவ்வளவு, வாய் வெந்து பொள்ளிற்றா என்று மட்டும் கேட்டார். வாயைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. சரி என்று அதே குடையை மறுபடி விரித்தார். வழியில் ஒரு சாயாக் கடையில் நின்று ஒரு கண்ணாடிக் கிளாஸைக் கேட்டு வாங்கி என் கையில் கொடுத்தார்.

நாங்கள் போனபோது அண்ணாச்சி பாயில் படுத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. சேச்சி அவர் வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தார். மதினி பக்கம் திரும்பி, முதலில் முட்டை வேண்டும், வெள்ளைக் கரு மட்டும், நாலைந்து முட்டை என்றார். அந்த விஷம் உள்ளே போயிருந்தால் வெள்ளைக் கரு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எது என்று கண்டுபிடிக்கும் வரை அது காத்திருக்காது என்று விளக்கினார்.

அண்ணாச்சி பாயில் எழுந்து உட்கார்ந்தார். “முட்டையோ? அது மட்டும் வேண்டாம் சேச்சி. வேற மருந்து வல்லதும் தாங்கோ.”

மதினி அவரைப் பார்க்கவே இல்லை. பக்கத்து வீட்டு வேலிக்குப் போய்க் கூப்பிட்டு வாங்கி வந்தார். மதினியின் அடுப்படிக்குள் முட்டை வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். உடைக்கத் தெரியாமல் முதலில் ஒன்று தரையில் போயிற்று. மிச்சத்தைச் சேச்சி உடைத்துப் பிரித்து ஒரு கிண்ணத்தில் ஊற்றினார். மதினி அதை வாங்கிக் கணவர் முன்னால் நீட்டினார்.

“குடிங்க. பாவம் புண்ணியமெல்லாம் நான் பாத்துக்கிறேன்.”

கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

பிறகு சேச்சி வெற்றிலைச் சுண்ணாம்பு இருக்கிறதா என்று கேட்டார். அது இல்லாத வீடா? மதினியின் வெற்றிலைச் செல்லத்தில் இருந்த சுண்ணாம்பைச் சொம்புத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தார்கள். வெள்ளை அடியில் தங்கியதும் மேலே தெளிந்த தண்ணீரைச் சேச்சி அந்தக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றினார். மதினிக்கென்று மடித்து வைத்திருந்த பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். அது என் ரசாயனப் புத்தகத்தின் தாள்தான், பாதியாகக் கிழிந்திருந்தது.

“கேட்டோ,” என்றார் சேச்சி, எங்கள் மூன்று பேருக்கும் பொதுவாக. “மஞ்சளாச்சுன்னா உடனே படகு பிடிச்சு எர்ணாகுளம் ஆசுபத்திரி. கறுத்தா கலோமல்தான், ஒண்ணும் பேடிக்க வேண்டாம்.”

இரண்டு விரலால் பொடியை எடுத்துத் தூவினார். கிளாஸை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். பொடி மிதந்தது, பிறகு மெதுவாக இறங்கியது. மஞ்சள் என்று ஒரு கணம் நினைத்தேன். ஜன்னல் வெளிச்சம்தான் அது. இறங்கிய பொடியின் ஓரத்தில் சாம்பல் நிறம் தட்டியது. சேச்சி ஈர்க்குச்சியால் ஒரு கலக்குக் கலக்கினார். கிளாஸ் முழுவதும் கறுத்தது. அடுப்புக்கரியைக் கரைத்த மாதிரி அப்படி ஒரு கறுப்பு.

அந்தத் தண்ணீரை எனக்குத் தெரியும். மாதக்கணக்கில் என் கால் புண்ணில் ஊற்றிக் கட்டியது அதுதான். கலோமலையும் சுண்ணாம்புத் தண்ணீரையும் கலந்து அந்த லோஷனைச் சேச்சி வாரா வாரம் ஜாடி ஜாடியாகச் செய்து வைப்பாராம். அது கறுக்காமல் போனால் டின் மாறிவிட்டது என்று அர்த்தம், அந்த ஒன்றைப் பார்க்காமல் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை என்றார். சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அப்போதுதான் அவரும் பயந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

மதினி என் கையில் இருந்து கிளாஸை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனார். கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரவு முழுவதும் படகுத்துறையில் நனைந்தது அப்போதுதான் குளிர ஆரம்பித்தது. மனசு மட்டும் இறக்கி வைத்த மூட்டை மாதிரி இருந்தது. கொஞ்சம் கழித்து, இரண்டு கோடு போட்ட டின்னுக்குள் கலோமல் எப்படி வந்தது என்று கேட்டேன்.

“கோடு போட்டது நான்தானே,” என்றார் அண்ணாச்சி.

சனிக்கிழமை மத்தியானம் நடந்ததைச் சொன்னார். கலோமல் டின் துருப்பிடித்து, ஈரத்தில் பொடி கட்டி தட்டியிருந்தது. சலித்து வைக்கும்படி முதலாளி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். துணியில் இரண்டு முறை சலித்து, கழுவிக் காயவைத்த வேறு டின்னில் போட்டு, வழக்கம்போல மூடியில் கோடு போட்டிருக்கிறார். நான் வைத்திருந்த அதே மை, அதே குச்சி. அதில்தான் தனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டிருக்கிறார். விஷ டின் அலமாரியை விட்டு வெளியே வரவே இல்லை.

நான் என் ரோமன் எண்ணைச் சொன்னேன். பாதரசத்துக்கு இரண்டு கோடு என்றால் கொல்லும் விஷம், மூடியில் இருந்தது நான் போட்ட கோடு என்று நினைத்துத்தான் ஓடி வந்தேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“ரெண்டு தடவை சலிச்சா ரெண்டு கோடு போடாம பின்னே என்ன போடணும்? பாண்டிநாட்டுல இருந்து ஒருத்தன் வந்து பொட்டலக் காகிதம் படிச்சிட்டு, எனக்கு முட்டை குடிப்பிச்சானே.”

சேச்சி சிரிக்க ஆரம்பித்தார். அடுப்படியில் இருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது, கொஞ்சம் அழுத குரலோடு. அண்ணாச்சிக்கு மறுபடி வயிறு கூப்பிட்டது. எழுந்து வேகமாகப் போனார், இந்த முறை யாரும் பயப்படவில்லை. திரும்பி வந்ததும் மதினி மோர்ச் சாதம் கரைத்துக் கொடுத்தார். எங்களுக்குச் சாயா போட்டார். மழை ஓட்டின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. சேச்சி இரண்டாவது சாயாவும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

திங்கட்கிழமை முதலாளி வந்து அலமாரியைத் திறந்ததும் நான் முதலில் அந்த டின்னைத்தான் பார்த்தேன். என் இரண்டு கோடு, உடையாத அரக்கு முத்திரை. அன்றே எல்லா மூடிகளிலும் என் கோடுகளைச் சுரண்டிவிட்டு, ‘அஸ்’ என்றும் ‘இக்’ என்றும் தமிழில் முழுப் பெயராக எழுதினேன். மை காய்வதற்குள் மழை ஈரத்தில் கசிந்தது, மறுபடி எழுதினேன். கோடு முற்றத்தின் சொத்தாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். அது முன்னாலேயே அப்படித்தான் என்றார்.

அடுத்த வருஷமும் கர்க்கடகத்தில் நான் அங்கே இருந்தேன். பேதிக்குச் சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மதினி என்னைக் கூப்பிட்டு விட்டார். போனபோது பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. பக்கத்தில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர், கிளாஸில். அண்ணாச்சி வெறும் வயிற்றோடு, பொறுமை இல்லாமல் பாயில் உட்கார்ந்திருந்தார். மதினி ஒரு சிட்டிகை எடுத்துத் தூவி, கிளாஸை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். மூன்று பேரும் பார்த்தோம்.

கறுத்தது.

“இனி சாப்பிடலாம்,” என்றார் மதினி. பொட்டலத்தை அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு எனக்குச் சாயா போடப் போனார்.